முகாமின் கடைசி மூன்று நாட்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், முள்ளிக்குளம் விடுமுறை முகாம் குழுவின் சார்பில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடைக்கு எங்களை அழைத்தபோது செயலாளர் அக்கா ஒரேயொரு நிபந்தனை போட்டார். "இருபது நிமிசம் தாறன். ஆனால் அறிக்கை வாசிக்காதேங்கோ" என்றார். ஆகவே எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை கிலோ அரிசி வாங்கினோம், எத்தனை கொப்பி கொடுத்தோம் என்ற கணக்கையெல்லாம் பொருளாளரிடம் விட்டுவிடுகிறோம். இன்று ஒரு சின்ன விசயத்தை மட்டும் பேசப் போகிறோம். ஆகஸ்ட் விடுமுறையில் முள்ளிக்குளத்துப் பிள்ளைகளோடு நாங்கள் இருக்கும் பத்து நாட்களில் கடைசி மூன்று நாட்களை எப்படிச் செலவிடுகிறோம் என்பதுதான் அது.

ஒரு முகாமை எப்படித் தொடங்குவது என்று எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு செய்தி போட்டால் போதும். ரொறன்ரோவிலிருந்து பணம் வரும், லண்டனிலிருந்து மருந்து வரும், கொழும்பிலிருந்து வான் வரும். முடிப்பதற்குத்தான் ஒருவரும் கூட்டம் வைப்பதில்லை. கடைசி நாள் என்றால் ஒரு கலைநிகழ்ச்சி, ஒரு பிரதம விருந்தினர், ஒரு குழுப்படம் என்று எங்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. முள்ளிக்குளத்தில் அந்த வழக்கம் ஏன் போதாது என்று சொல்வதற்கு, முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முகாம் என்ற சொல்

முள்ளிக்குளம் மன்னார் மாவட்டத்தின் தெற்கில், முசலிப் பிரதேசத்தில், கடலோரமாக இருக்கிறது. சிலாவத்துறையைத் தாண்டித் தெற்கே போக வேண்டும். பக்கத்து ஊர் மறிச்சுக்கட்டி. தெற்கே வில்பத்துக் காடு, மேற்கே மன்னார் வளைகுடா.

இந்தக் கரைக்கு முகாம் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடக்கும். பருவம் வந்தால் வெறும் மணலில் ஓலையும் தடியுமாக ஒரு நகரமே எழும்பும். குளிப்பவர்களும் வியாபாரிகளும் அரச அலுவலர்களுமாக ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடுவார்கள். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லியனாட் வூல்ப் 1906இல் இளம் அரச அலுவலராக அங்கே கடமை பார்த்து, அதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. பருவம் முடிந்ததும் ஓலை பிரியும், ஆட்கள் கலைவார்கள், சிப்பி ஓடுதான் மிஞ்சும். 1907க்குப் பிறகு பல வருடங்கள் அந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். இந்தக் கரை கண்ட பழைய முகாமின் கதை அது.

எங்கள் தலைமுறைக்கு முகாம் என்றால் வேறு. இராணுவ முகாம், அகதி முகாம், தடுப்பு முகாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மறிச்சுக்கட்டி வெறுமையானது. அந்த மக்களில் பெரும்பாலானோர் புத்தளம் பக்கத்து முகாம்களில் இருபது வருடங்கள் வரை இருந்தார்கள். 2009இல் வன்னியிலிருந்து வந்த இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் மெனிக் பாமில் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். அந்த முகாமின் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்ரெம்பரில்.

முள்ளிக்குளத்து மக்கள் 2007 செப்ரெம்பர் 8ஆம் திகதி ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பி வரலாம் என்ற எண்ணத்தில், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்கள் அநேகம். ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2012இல் திரும்பி வந்த குடும்பங்கள் சொந்த வீடுகளுக்குப் போக முடியாமல், பக்கத்தில் மலங்காட்டில், காட்டை வெட்டிக் கொட்டில் போட்டார்கள். வேறு சிலர் காயாக்குழியில் இருந்தார்கள். 2017 மார்ச் 23ஆம் திகதி பெண்கள் முன்னால் நிற்க ஒரு போராட்டம் தொடங்கியது. வெயிலில் 38 நாட்கள் இருந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கர் நிலத்தை விடுவதாக உடன்பாடு வந்தது. அது முழுக் கதையின் முடிவல்ல என்பது அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் "விடுமுறை முகாம்" என்று பதாகை கட்டினால் எப்படி இருக்கும்? முதல் வருடமே ஒரு தாய் வந்து சொன்னார்: "முகாம் எண்டு எழுதாதேங்கோ பிள்ளையள். நாங்கள் முகாமில இருந்தது காணும்." அன்றைக்கே பதாகையைச் சுருட்டி வைத்தோம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான் இப்போது அது முகாம். பிள்ளைகள் அதற்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: "பத்துநாள்". "அக்கா, அடுத்த பத்துநாள் எப்ப வரும்?" என்றுதான் கேட்பார்கள்.

கவனித்துப் பாருங்கள், அந்தப் பெயரிலேயே முடிவு இருக்கிறது. முதல் நாள் காலையில், பெயர் பதியும் மேசைக்கு முன்னால் நின்று, எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் பெயரைச் சொல்வதற்கு முன் கேட்டான்: "நீங்கள் எத்தினை நாள் நிப்பியள்?" விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளை அப்படிக் கேட்காது. வருபவர்கள் போவார்கள் என்று படித்து வைத்திருக்கும் பிள்ளைதான் கேட்கும்.

எங்களுக்குக் கிடைக்காத கடைசி நாள்

தங்கைமாருக்கு இது சரித்திரமாக இருக்கலாம், எங்கள் வகுப்புக்கு இது சொந்தக் கதை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. அதற்கு முந்திய பள்ளி நாளில் நாங்கள் வழக்கம்போல மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினோம். கரும்பலகையில் அரைவாசிக் கணக்கு இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் வாங்கிய அழிறப்பர் எங்கள் பெட்டியில் இருந்தது. அது கடைசி நாள் என்று யாருக்கும் தெரியாது. சிலர் வன்னிக்குப் போனோம், சிலர் கொழும்புக்கு, சிலர் அங்கிருந்து வெளிநாட்டுக்கு. இன்றைக்கு இந்த மண்டபத்தில், வெள்ளை முடியோடு, முப்பது வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கிறவர்கள் இருக்கிறோம். அந்த அழிறப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று இத்தனை வருடமும் நினைத்திருக்கிறோம்.

முடிவு தெரிந்திருப்பது ஒரு பாக்கியம். ஒன்று முடியப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு ஆயத்தமாகி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, முகம் பார்த்துப் பிரிவது எங்கள் நாட்டில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. முள்ளிக்குளத்துப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கும் கிடைக்கவில்லை. பத்து நாளில் நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் எவ்வளவு படிப்பித்துவிட முடியும்? ஆனால் ஒரு நல்ல பிரிவு எப்படி இருக்கும் என்று காட்ட முடியும். கடைசி மூன்று நாட்களில் நாங்கள் செய்ய நினைப்பது அதைத்தான்.

எட்டாம் நாள் என்ன நடக்கிறது

முதலில் திகதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்ட் மாதம் அங்கே சோளகம் அடிக்கும், புழுதி பறக்கும், கிணறுகள் வற்றும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. அதற்கு முந்திய நாட்களில் ஊரே மடுவுக்குக் கிளம்பிவிடும். ஆகவே எங்கள் பத்து நாளும் திருவிழாவுக்கு முன் முடிய வேண்டும், அல்லது பின் தொடங்க வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை அட்டவணை வேறு என்பதால் மறிச்சுக்கட்டிப் பிள்ளைகளும் வரக்கூடிய நாட்களை ஊராரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்கிறோம். வெளிநாட்டு விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கும் திகதி எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். அக்காமார் குறை நினைக்கக் கூடாது.

முதல் மூன்று நாட்கள் வெட்கம். நாலாம் நாளிலிருந்து ஆரவாரம். எட்டாம் நாள் காலையில் ஏதோ மாறும். நன்றாக இருந்த இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள். பாட்டுக்கு முன்னுக்கு நிற்கிற பிள்ளை மூலையில் போய் இருக்கும். "இண்டைக்கு வரமாட்டன்" என்று ஒன்று வீட்டிலேயே நின்றுவிடும். ஒரு வருடம் ஒரு சிறுமி எங்களில் ஒருவரின் செருப்பை எடுத்து ஒளித்து வைத்தாள். செருப்பில்லாமல் எப்படிப் போவார் என்பது அவளுடைய கணக்கு.

இதைக் குழப்படி என்று எடுக்கக் கூடாது. பிரிவு வரப் போகிறது என்று தெரிந்த பிள்ளை, அது தன்னை விட்டுப் போவதற்கு முன் தானே அதை விட்டு விலகிப் பார்க்கிறது. பெரியவர்கள் நாங்கள் விமான நிலையத்தில் கடைசி ஒரு மணி நேரம் பெட்டியின் நிறையைப் பற்றியே சண்டை பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

மருத்துவ உலகில் பலருக்கும் தெரிந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. 1993இல் டானியல் கானமனும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. ஆட்களின் கையை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதற்கு மேல் இன்னும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீரின் வெப்பத்தை மெல்ல 15 பாகைக்கு உயர்த்தினார்கள். எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்ட முறையைத்தான் தெரிந்தார்கள். வலித்த நேரம் கூட, ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவு மொத்தக் கணக்கை வைத்திருப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதை வைத்து, முடிவை மட்டும் மினுக்கினால் போதும் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. சோறு பழுதாகி, வகுப்பு சலித்துப் போன முகாமைக் கடைசி இரவு வாணவேடிக்கை காப்பாற்றாது. நல்லபடி நடந்த ஏழு நாட்களை அவசர முடிவு கெடுத்துவிடும் என்பதைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

துண்டு வெட்டுவது

வாட்டில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு பாடம் இங்கே உதவுகிறது. நோயாளியை அனுமதிக்கும் அன்றைக்கே, அவர் வீட்டுக்குப் போகும் நாளைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும். துண்டு வெட்டி அனுப்புகிற காலையில் மருந்தைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் ஏறாது. நோயாளியின் மனம் ஏற்கெனவே வீட்டில் நிற்கும், வான்காரன் வாசலில் அவசரப்படுத்துவான்.

ஆகவே எட்டாம் நாள் நாங்கள் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை. இது எங்கள் முதல் விதி. ஆர்வமுள்ள ஒரு தங்கை எட்டாம் நாள் புதுப் பாட்டோடு வருவாள். மெல்லத் தடுத்துவிடுவோம். அன்று தொடங்கியவற்றை முடிக்கும் நாள். அரைவாசி இழைத்த ஓலைப்பெட்டி முடிய வேண்டும். பாதியில் நிற்கும் படத்துக்கு வர்ணம் பூச வேண்டும். வாசிக்கத் தொடங்கிய கதையின் கடைசிப் பக்கத்துக்கு வர வேண்டும். தொடங்கியது முடிந்த அனுபவமே இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்கு, தன் கையால் மூடிய ஒரு பெட்டி சின்னச் சாமானல்ல.

அன்று பிற்பகல் தாய்மாரை ஒவ்வொருவராகச் சந்திக்கிறோம். இரண்டாம் நாள் செய்த கண் பரிசோதனையில் கரும்பலகை தெரியாத பிள்ளை யார், இரத்தம் குறைந்த பிள்ளை யார், ஆறாத புண் யாருக்கு, காது சீழ் வடிவது யாருக்கு என்று எங்களிடம் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் எங்கள் கணினியோடு கொழும்புக்குப் போனால் யாருக்கும் பிரயோசனமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பியில் ஒரு பக்கம், தமிழில், தாய்க்கு விளங்கும் சொற்களில் எழுதிக் கொடுக்கிறோம்: என்ன கண்டோம், என்ன கொடுத்தோம், அடுத்து எங்கே போக வேண்டும், எந்த நாள் கிளினிக். சிலாவத்துறை வைத்தியசாலையில் பார்க்கக்கூடியதை அங்கே, மன்னார் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டியதை அங்கே. அந்தத் தாய் யாரோடு போவாள், பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா, சின்னப் பிள்ளையை யாரிடம் விடுவாள் என்பதையும் கேட்கிறோம். பதில் இல்லாவிட்டால் கொப்பியில் எழுதியது வெறும் எழுத்துத்தான். குடும்பநல உத்தியோகத்தரையும் அன்று கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துகிறோம். நாங்கள் போன பிறகும் அந்த ஊரில் நடக்கிறவர் அவர்தான்.

மூக்குக்கண்ணாடி பற்றி ஒன்று. கடைசி நாள் மேடையில் பிரதம விருந்தினர் கையால் கண்ணாடி கொடுத்தால் படம் நன்றாக வரும். ஆனால் பிள்ளைக்குக் கண்ணாடி பழக ஒரு கிழமை வேண்டும். தலையிடிக்கும், மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள், கழற்றி வைத்துவிடும். முன்னதாகவே கொடுத்துவிட்டால் அந்தப் பகிடி முடியும்வரை நாங்கள் பக்கத்தில் நிற்கலாம். முடியாத வருடங்களில், யார் கொண்டுவந்து கொடுப்பார் என்று எட்டாம் நாளே முடிவு செய்துகொள்கிறோம்.

ஒன்பதாம் நாள் ஊர்ப்படம்

ஒன்பதாம் நாள் பிள்ளைகள் படிப்பிக்கும் நாள். பத்து நாளில் கற்றதில் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாம்பு கடித்தால் காலைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடித்த இடத்தை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒன்பது வயதுப் பிள்ளை தன் தாத்தாவுக்குச் சொல்லிக் காட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். தாத்தா மூன்று கேள்வி கேட்பார். பிள்ளை இரண்டுக்குப் பதில் சொல்லும். மூன்றாவதை எங்களிடம் கேட்டுக்கொண்டு ஓடிப் போகும். காட்டோரத்தில், நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் இந்தப் பாடம் உயிரைக் காக்கும்.

பிற்பகல் மாறிப் பெரியவர்கள் படிப்பிப்பார்கள். வெள்ளைத் துணி ஒன்றை நிலத்தில் விரித்து, பழைய ஊரின் படத்தைக் கீறுவார்கள். மலங்காட்டில் பிறந்த பிள்ளைகள் அந்த ஊரில் ஒரு நாளும் வாழவில்லை. ஆச்சிமார் சுற்றியிருந்து சொல்ல, பிள்ளைகள் கரித்துண்டால் கீறுவார்கள். இதில் குளம், இதில் கோயில், இதில் பள்ளிக்கூடம், இதில் சூடு மிதித்த களம், இதில் கரைவலை இழுத்த பாடு. "இல்லையடி, புளி அந்தப் பக்கம்" என்று இரண்டு ஆச்சிமார் ஒரு மரத்துக்காக அரை மணி நேரம் வாதாடுவார்கள். பிள்ளைகள் வாய் பார்த்திருப்பார்கள். அந்த வாதாட்டத்தை நாங்கள் குறுக்கே போய் முடித்து வைப்பதில்லை. வேறு எந்தப் பாடத்துக்கும் அவர்கள் அப்படிக் காது கொடுத்ததில்லை.

அந்தத் துணி அங்கேயே இருக்கும். எங்களோடு வராது. வெளிநாட்டிலிருந்து ஓர் அக்கா, "அதைச் சட்டம் போட்டு நூற்றாண்டுக் கண்காட்சியில வைப்பமே" என்று அன்போடு கேட்டார். ஊராரிடம் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். ஆகவே இன்றைய கண்காட்சியில் அது இல்லை. அதன் படமும் இல்லை.

பத்தாம் நாள்

பத்தாம் நாளை நாங்கள் சிறியதாக வைத்திருக்கிறோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டோடு முடியும். பிரதம விருந்தினர் இல்லை. பொன்னாடை இல்லை. முதலிடம், இரண்டாமிடம் இல்லை. பிள்ளைகள் விரும்பினால் ஒரு பாட்டு, ஒரு கூத்துத் துண்டு. அன்றைய சமையல் தாய்மாருடையது. ஒன்பது நாளும் நாங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தால், கடைசியில் அவர்களும் எங்களுக்குக் கொடுத்துப் பிரிய வேண்டாமா? மீன் குழம்பும் சோறும் வாழையிலையில் போட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று அதட்டிப் பரிமாறுவார்கள். நாங்கள் இருந்து சாப்பிடுகிறோம். கைநீட்டி வாங்கத் தெரியாதவர்கள் கொடுக்கப் போகக் கூடாது.

பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை இந்தப் பத்து நாளில் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறோம். "நீ நல்ல பிள்ளை" என்று சொல்வதில்லை. "கிணத்தடியில சின்னவளுக்கு வாளி தூக்கிக் குடுத்தாய்" என்று சொல்கிறோம். அதற்காக ஒன்பது நாளும் ஒரு கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். இது கொஞ்சம் வேலைதான்.

வாக்குறுதி கொடுப்பதில்லை. "உன்னைக் கனடாவுக்குக் கூட்டிப் போவன்" என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் பிள்ளை அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் இருக்கும். தனிப்பட்ட பரிசு, தனிப்பட்ட தொலைபேசி இலக்கம் கொடுப்பதில்லை. அடுத்த வருடத் திகதி உறுதியாகத் தெரிந்தால் அதைச் சொல்கிறோம். தெரியாவிட்டால் தெரியாது என்கிறோம். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். ஏமாற்றத்தைத்தான் தாங்க மாட்டார்கள்.

இன்னொரு விதி இருக்கிறது. அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் ஊர்ப் பெண்கள். எங்கள் வான் முதலில் புறப்படக் கூடாது. புழுதி கிளப்பிக்கொண்டு போகும் வாகனத்தின் பின்னால் ஓடிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். ஆகவே பிள்ளைகள்தான் முதலில் போவார்கள். கையில் ஓலைப்பெட்டியும் கொப்பியும் வைத்துக்கொண்டு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் வீட்டுக்குத் தாங்கள் போவார்கள். நாங்கள் வாசலில் நின்று கைகாட்டுவோம். கடைசிப் பிள்ளை வளைவில் மறைந்த பிறகுதான் பாயைச் சுருட்டத் தொடங்குவோம்.

அதற்குப் பிறகு இருக்கிறது எங்கள் பிள்ளைகளுக்கான வேலை. மெல்பேர்ணிலும் லண்டனிலும் பிறந்து, தாய்மாரோடு உதவிக்கு வரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் நெஞ்சு கனக்கும். அழுதுகொண்டு செல்பி எடுக்க விடாமல் அவர்களிடம் கிடாரத்தையும் தேங்காய்ப் பொச்சையும் கொடுத்துவிடுகிறோம். மலசலகூடம் கழுவ வேண்டும். பொலித்தீனை ஒன்றுவிடாமல் பொறுக்கி எங்கள் வானிலேயே ஏற்ற வேண்டும். பக்கத்தில் காடு, யானை வரும் இடம். நாங்கள் வந்தபோது இருந்ததைவிடத் துப்பரவாக அந்த இடம் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை கையில் கரியோடு சொன்னாள், "அன்ரி, இதுதான் பெஸ்ட் பார்ட்" என்று. அவளுடைய அம்மாவால் நம்ப முடியவில்லை. வீட்டில் கோப்பை கழுவாத பிள்ளையாம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

கடைசியாக, இந்தப் பேச்சை ஏன் நூற்றாண்டு மேடையில் பேசுகிறோம் என்று சொல்லி முடிக்கிறோம்.

நூற்றாண்டு நிதியைப் பற்றி இரண்டு யோசனைகள் செயற்குழுவின் முன்னால் இருக்கின்றன. ஒன்று, இந்த வருடம் ஐந்து ஊர்களில் ஐந்து முகாம் வைத்து, மன்னார் நகரில் பெரிய நிறைவு விழா எடுப்பது. மற்றது, அதே பணத்தில் அடுத்த ஐந்து ஆகஸ்ட் மாதமும் முள்ளிக்குளத்துக்கே போவது. முதலாவது யோசனையில் தவறில்லை. எல்லா ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தேவையும் இருக்கிறது. ஐந்து ஊரின் படங்கள் மலருக்கு அழகும் சேர்க்கும்.

இருந்தாலும் எங்கள் குழு இரண்டாவதைத்தான் கேட்கிறது. காரணம் ஓர் ஆச்சி. இரண்டாம் வருடம் நாங்கள் போய் இறங்கியபோது, "வந்திட்டம் ஆச்சி" என்றோம். கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாற ஆக்களை நான் எண்ணுறேல்லைப் பிள்ளை. திரும்பி வாற ஆக்களைத்தான் எண்ணுறனான்."

தமிழில் நாங்கள் யாரும் "போகிறோம்" என்று சொல்லிப் பிரிவதில்லை. "போயிட்டு வாறம்" என்போம். அது வெறும் மரியாதைச் சொல் என்றால் யாரிடமும் சொல்லலாம். மலங்காட்டுப் பிள்ளைகளிடம் அதைச் சொல்வதென்றால், அடுத்த வருடத்துக்கான பணம் வங்கியில் இருக்க வேண்டும், வருகிறவர்களின் பெயர் தாளில் இருக்க வேண்டும். கடைசி மூன்று நாட்களில் நாங்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் பெறுமதி கொடுப்பது அந்த வருகைதான். எட்டாம் நாள் எழுதிக் கொடுத்த கொப்பியை அடுத்த வருடம் யாரும் திறந்து பார்க்காவிட்டால், கண்ணாடியின் இலக்கம் மாறியிருப்பதை யாரும் கவனிக்காவிட்டால், நாங்களும் அந்த முத்துக்குளிப்பு முகாம் மாதிரி ஒரு பருவத்து ஆட்கள்தான்.

ஐந்து வருடத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். வைத்தியர்கள் மட்டும் வேண்டும் என்றில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர், சமைக்கத் தெரிந்தவர், ஓலை இழைக்கத் தெரிந்தவர், பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர் எல்லோரும் வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் ஒரு பிள்ளையின் கிளினிக் நாளை நினைவுபடுத்தும் தொலைபேசி அழைப்பைக் குடும்பநல உத்தியோகத்தருக்கு எடுத்தாலே பெரிய உதவி. மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, ஐந்து வருடத்துக்கும் ஐந்து தாள் வைத்திருக்கிறோம். இந்த வருடத் தாள் எப்படியும் நிரம்பிவிடும். தயவுசெய்து நாலாம், ஐந்தாம் வருடத் தாள்களில் உங்கள் பெயரை எழுதுங்கள்.